பூட்டுத் திறந்த போனும் நம் ஊர் டவரும்



கார்த்திகை தீபம் கழிந்தால் பிள்ளையார் நோன்பு, அதன் பின்னாலேயே தைக் கல்யாணங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், டாலஸ் என்று பிழைக்கப் போனவர்கள் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் கண்டனூருக்கும் பள்ளத்தூருக்கும் வந்து சேரும் மாதங்கள் இவை. வருகிறவர்களின் பெட்டியில் பெற்றோருக்கென்று ஒரு போன் இருக்கும். மகனோ மகளோ ஓரிரு வருடம் வைத்திருந்துவிட்டு, புதியது வாங்கியதும் ‘அப்பச்சிக்கு ஆகும்’ என்று எடுத்து வைத்த போன். நல்ல செட்டுதான், விலையும் கூடியதுதான். ஆனால் பிள்ளைகள் விமானம் ஏறிய மறுவாரம் அதில் டவர் நிற்பதில்லை, பேச்சு பாதியில் அறுந்துபோகிறது என்று சொல்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. பெரிய வீடுகள் பலவற்றில் இன்று இருப்பது வயதான இருவர், சில வீடுகளில் ஒருவர் மட்டுமே. அவர்களுக்கு அந்தப் போன்தான் பிள்ளைகள், டாக்டர், பேங்க் எல்லாமே. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

‘அன்லாக் செய்த போன்தானே, அப்புறம் என்ன?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்லாக் என்பது பாதிதான்.

அமெரிக்காவில் போன் கம்பெனிகள் செட்டைத் தவணைக்குக் கொடுத்து, தங்கள் சிம் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டிவிடுகின்றன. பாக்கி தீர்ந்த பிறகு கேட்டால் பூட்டை எடுத்துவிடுவார்கள். கனடா 2017 டிசம்பரிலிருந்தே பூட்டிய போனை விற்கக் கூடாதென்று நிறுத்திவிட்டது. பிரிட்டன் 2021 டிசம்பரில் நிறுத்தியது. நமக்கும் இந்தப் பூட்டு புதிதல்ல. 2003-ல் 501 ரூபாய் முன்பணம் கட்டி ரிலையன்ஸ் போன் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: அதில் சிம்மே கிடையாது, நம்பர் செட்டுக்குள்ளேயே இருக்கும், வேறு கம்பெனிக்கு அதைக் கொண்டுபோக முடியாது. 2017-ல் வந்த ஜியோபோனும் ஜியோ சிம்மை மட்டும்தான் ஏற்றது. பூட்டில்லாத போனின் அருமையைத் தமிழ்நாடு முழுக்க உணர்ந்தது 2018 பிப்ரவரியில், ஏர்செல் திடீரென்று படுத்தபோது. லட்சக்கணக்கானவர்கள் நம்பரை மாற்றாமல், செட்டையும் மாற்றாமல், சிம்மை மட்டும் மாற்றிக்கொண்டு மீண்டது செட்டில் பூட்டு இல்லாததால்தான்.

ஆனால் பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போன் ஓடிவிடாது. காரைக்குடி–திருவாரூர் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாகும் வரை நாம் எத்தனை ஆண்டு காத்திருந்தோம்! பழைய மீட்டர் கேஜ் பெட்டியை யாரும் தடுக்காவிட்டாலும் அது அகலப் பாதையில் ஏறாது. போனும் அப்படித்தான். டவர் எந்த அலைவரிசையில் பேசுகிறதோ அந்த அலைவரிசையைக் கேட்கும் பாகம் செட்டுக்குள் இருக்க வேண்டும். அது பிறப்பிலேயே அமைவது. கடையில் கொடுத்து ‘ஓப்பன்’ பண்ணுவதால் வந்து சேராது.

நம் நாட்டில் யார் எதில் பேசுகிறார்கள் என்று பார்ப்போம். இந்த அலைவரிசைகளுக்கு உலகம் முழுவதும் பொதுவாக எண் கொடுத்திருக்கிறார்கள், அதைத்தான் பேண்ட் என்கிறோம். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பேண்ட் 5, 3, 40. ஏர்டெல் பெரும்பாலும் 900, 1800, 2100, 2300-ஐப் பயன்படுத்துகிறது. பேண்ட் 8, 3, 1, 40. வோடஃபோன் ஐடியா 900, 1800, 2100-உடன் 2500-லும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி-யைத் தொடங்கிய பிஎஸ்என்எல் 700-ஐயும் 2100-ஐயும் நம்பியிருக்கிறது. பேண்ட் 28, பேண்ட் 1. 5ஜி-க்கு ஜியோ, ஏர்டெல் இரண்டுக்கும் 3300 இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் ஜியோ மட்டும் 700-ஐயும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

700 என்ற எண்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. அமெரிக்கப் போனின் விவரத்தில் ‘700 உண்டு’ என்று பார்த்து நிம்மதி அடைகிறார்கள். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் 700, பேண்ட் 12, 13, 17. நம்முடையது பேண்ட் 28. இரண்டும் அருகருகே இருந்தாலும், போன் அனுப்பும் பகுதியும் டவர் அனுப்பும் பகுதியும் வேறு வேறாக வெட்டப்பட்டவை. ஒன்றுக்கானது மற்றதில் பேசாது. ஆகவே மெகாஹெர்ட்ஸ் கணக்கைப் பார்க்காதீர்கள், பேண்ட் எண்ணைப் பாருங்கள். 2012-ல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி விற்ற ஐபோன் 5-ல் 4ஜி-க்கு இருந்தவை பேண்ட் 4, 17 என இரண்டே இரண்டு. இன்று நம் ஊரில் எந்தக் கம்பெனியின் 4ஜி-யும் அதில் எடுக்காது. இப்போது வரும் விலை உயர்ந்த செட்டுகளில் ஏறக்குறைய எல்லா பேண்டும் இருப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் கடைகளில் குறைந்த விலைக்குத் தரும் செட்டுகளில்தான் கவனம் வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு இதில் தனிக் கதை இருக்கிறது. மெகாஹெர்ட்ஸ் ஏற ஏற அலையின் நீளம் குறையும்: 700-ல் சுமார் 43 சென்டிமீட்டர், 3300-ல் 9 சென்டிமீட்டர். மெகாஹெர்ட்ஸ் குறைந்த அலை வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். மெகாஹெர்ட்ஸ் கூடிய அலை வேகமாக டேட்டா தரும், ஆனால் சுவரில் தேய்ந்துவிடும். நம் வீடுகளோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டவை. செங்கலும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய தடித்த சுவர்கள், ஒரு கட்டுக்குப் பின் இன்னொரு கட்டு. முகப்பில் 5ஜி முழுக்கோடு காட்டும். வளவு முற்றத்தில் வானம் திறந்திருப்பதால் ஏதோ கிடைக்கும். பக்கத்து அறைக்குள் போனால் கோடு குறையும். இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படிக்குப் போனால் ஆச்சியின் போனில் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் கைகொடுப்பவை பேண்ட் 5, 8, 28 ஆகிய மூன்றும்தான். பெற்றோருக்கான போனில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதற்கு முன் இந்த மூன்று எண்களைத் தேடுங்கள் என்பேன். அடுப்படியில் வழுக்கி விழுந்தால் கூப்பிட வேண்டிய போன் அது.

பேண்ட் எல்லாம் இருந்தும் பேச முடியாமல் போவதுண்டு. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சும் 4ஜி வழியாகவே போக வேண்டும். வோல்ட்டி என்கிறோமே, அது. வெளிநாட்டு மாடல்கள் சிலவற்றில் நம் கம்பெனிகளுக்கான வோல்ட்டி அமைப்பு இருக்காது. வாட்ஸப் ஓடும், சாதாரணக் கால் போகாது. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 2ஜி-யை இன்னும் வைத்திருப்பதால் அந்த சிம்களில் பேச்சு மட்டும் தப்பித்துக்கொள்ளும். வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் வைஃபை காலிங் நல்ல வழி. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் அதைத் தொடங்கின. வளவிலும் அடுப்படியிலும் ஒவ்வொரு வைஃபை பெட்டி வைத்தால் டவர் எட்டாத அறையிலும் மணி அடிக்கும். ஆனால் அதுவும் எல்லா மாடலிலும் வராது, பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, சிம் போடும் இடம். ஐபோன் 14-லிருந்து அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். 2025-ல் வந்த ஐபோன் 17-ல் சவூதி, அமீரகம், கத்தார், குவைத் மாடல்களும் அப்படி ஆகிவிட்டன. இளையவர்களுக்கு இது வசதி. தனியாக இருக்கும் முதியவருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. செட்டு கீழே விழுந்து உடைந்தால், சிம்மைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் பையனின் பழைய செட்டில் போட்டுப் பேசும் வழி அடைபட்டுவிடும்.

இங்கிருந்து அங்கே போகிறவர்களுக்கும் இதே பாடுதான். மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாக்கள் ஊரில் வாங்கிய செட்டையே கொண்டுபோகிறார்கள். அங்கே 3ஜி 2022-லேயே மூடப்பட்டுவிட்டது. அங்குள்ள பேண்ட் 2, 12, 13, 66, 71 ஆகியவை நம் ஊர் மலிவு செட்டுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏடி அண்ட் டி தன் பட்டியலில் உள்ள மாடல்களை மட்டுமே ஏற்கிறது. பேங்க் ஓடிபி வராமல் தவிப்பது அப்போதுதான். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 900, 1800, 2100 அங்கும் நமக்கும் பொது.

பழைய செட்டை இங்கே விலைக்கு வாங்குகிறவர்கள் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்தப் போனின் மாடல் என்ன, அது முடக்கப்பட்டதா என்று அரசின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். ஐபோனாக இருந்தால் அமைப்புகளில் ‘அபவுட்’ பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரிக்கு எதிரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். ‘ரெண்டு நாள்ல ஓப்பன் பண்ணிடலாம்ணே’ என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

நோன்புக்கும் கல்யாணத்துக்கும் வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டி கட்டும் முன்பே மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்தச் செட்டை அங்கேயே விட்டுவிட்டு, வந்ததும் காரைக்குடியிலேயே ஒன்று வாங்கிக் கொடுங்கள். எந்த செட்டானாலும் அப்பச்சியின் சிம்மைப் போட்டு முகப்பு, வளவு, படுக்கும் அறை, அடுப்படி, பின்கட்டு என ஒவ்வோர் இடத்திலும் நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். முதல் நாளே செய்யுங்கள். கடைக்குப் போய் மாற்றிவர நேரம் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்