அழுகுரல் கேட்கும் செவி



எசல பெரஹரா நாட்களில் கண்டி நகரில் இரவு நெடுநேரம் மேளங்கள் முழங்கும். அம்முழக்கத்தினிடையே அயர்ந்து உறங்கும் இளந்தாய், அருகே கிடக்கும் குழந்தை மெல்லச் சிணுங்கினாலும் விழித்துக்கொள்கிறாள். வீட்டில் ஏனையோர் விழிப்பதில்லை. மறுநாட் காலையில், "இவளுக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம்" என்று குறைசொல்ல மட்டும் தவறமாட்டார்கள்.

அது பதற்றமன்று. நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியங்கா ஜோன்ஸ் மார்லின், ரொபர்ட் ஃபுரோம்கே முதலியோர் 2015இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. கூட்டைவிட்டு விலகிய சுண்டெலிக்குஞ்சு, மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியில் கதறும். தாயெலி ஓடிச்சென்று கவ்விவரும். ஈனாத எலியோ பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஒக்சிடோசின் என்னும் சுரப்பு, தாயின் மூளையில் ஒலியை உணரும் இடப்புறப் பகுதியைப் பக்குவப்படுத்தி, அக்கதறலைத் தெளிவாகப் பதியச் செய்கிறது. வியப்பு யாதெனில், ஈனாத எலிகளுக்கும் அச்சுரப்பைக் கொடுத்துத் தாயோடும் குஞ்சுகளோடும் தங்கவைத்தபோது, அவையும் குஞ்சுகளை மீட்கக் கற்றுக்கொண்டன. எலிக்கும் மனிதருக்கும் தூரம் அதிகந்தான். ஆயினும் 2017இல் வெளியான ஆய்வொன்று, 11 நாடுகளின் 684 இளந்தாய்மாரை நோக்கியபோது, குழந்தை அழுததும் தூக்குவதும் பேச்சுக்கொடுப்பதும் எங்கும் ஒன்றுபோலிருக்கக் கண்டது.

தொடக்கநூல் 21ஆம் அதிகாரத்தில் ஆகாரைப் பாருங்கள். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பணிப்பெண் அவள். பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்ததும் மகனைச் செடியடியில் விட்டு, அவன் சாவதைக் காணப் பொறாமல் அம்பெய்யும் தூரத்தில் போய் அமர்ந்து அழுதாள். கண்ணை விலக்கிக்கொண்டாள், செவியை எங்கே கொண்டுபோவாள்? அழுதவள் தாய். ஆனால் கடவுள் கேட்டது சிறுவனின் குரலை என்கிறது மறைநூல். இஸ்மயேல் என்ற பெயருக்கே 'கடவுள் கேட்கிறார்' என்பது பொருள்.

ஹந்தானையிலும் கலஹாவிலும் பச்சிளங் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்தெடுக்க மலையேறும் தாய்க்கும் இதே செவிதான். மூன்றாம் பிள்ளை முதற்கொண்டு 42 நாட்களாகக் குறைந்திருந்த பிரசவ விடுமுறை, 2018ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாட்களாயிற்று. நல்லதுதான். ஆனால் 85ஆம் நாள் அவள் செவி மாறிவிடுவதில்லையே!

நம் ஆலயங்களிலோ குழந்தை அழுதவுடன் தலைகள் திரும்புகின்றன. தாய் குற்றவாளிபோல் விறாந்தைக்கு விரைகிறாள். அக்குரல் பிறரைக் காட்டிலும் அவளையே அதிகம் வருத்துகிறது என்பதை முறைப்பவர் அறிவாரா? இதில் தந்தையரையும் தப்பவிட முடியாது. பெறாத எலியே கற்றுக்கொண்டதெனில், பெற்றவர் கற்க என்ன தடை?

வரும் ஞாயிறு திருப்பலியில் ஏதேனுமொரு குழந்தை வீரிடும். அருகிலிருப்பவர் கைநீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அவள் நற்கருணை பெற்றுத் திரும்பட்டும்.