ஊர் மேடையில் ஏறப்போவது எது?

தைத்திங்கள் வரும், பொங்கல் விழாவிற்குப் பொத்தேரி முதல் தாம்பரம் வரை ஊர்தோறும் மேடை எழும். அதனையடுத்து மாசியிலும் பங்குனியிலும் ஊர்த் திருவிழாக்கள் தொடரும். அம் மேடைகளில் ஏறப்போவது எது? திரைப்பாட்டுக்குக் கைகால் உதறும் ஆட்டமும் செவியைப் பிளக்கும் ஒலிபெருக்கியுமே போதுமென்று விழாக்குழுவினர் முடிவு செய்துவிடின், முத்தமிழுள் ஒன்றாகிய நாடகத்தை நம் ஊரினின்று நாமே வெளியேற்றியவராவோம். இஃது எளிதில் விட்டுவிடத்தக்க செய்தியன்று.

இப் பகுதி நாடகத்திற்குப் புதிய நிலமும் அன்று. பம்மல் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன் தாங்கிய சம்பந்தனார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கற்றோர் மேடையேறுதல் இழிவெனக் கருதப்பெற்ற அந் நாளில், வழக்கறிஞராகிய அவரே ஒப்பனையிட்டு நடித்தார்; தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். அதே 1891-இல்தான் சுந்தரனாரின் மனோன்மணீயமும் வெளிவந்தது. பரிதிமாற் கலைஞர் நாடகங்கள் இயற்றியதோடு 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கணமும் யாத்தார். அவர் தமிழ் பயிற்றிய கிறித்தவக் கல்லூரி, பின்னர் 1937-இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. அக் கல்லூரியிலேயே பணியாற்றிப் பின் பல்லவபுரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளாரும் சாகுந்தலத்தைத் தமிழில் ஆக்கியவரே. பொத்தேரிக்கு அணித்தாயுள்ள நகரம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பெயர்ப்பலகையில் அவர் இருக்கின்றார். மேடையில் அவர் மொழி இருக்கின்றதா?

இவர்தம் உழைப்பினின்று நாம் கற்க வேண்டுவது ஒன்றுண்டு. மனோன்மணீயம் படித்துச் சுவைத்தற்குரிய செய்யுள் நாடகமாக நின்றது. சம்பந்தனார் நாடகங்களோ, மக்கள் பேச்சைத் தழுவியமையால் மேடையில் வாழ்ந்தன. ஆயினும் பிறமொழிச் சொற்கள் அவற்றுள் மலிந்தன. மேடைக்கேற்ற உயிர்ப்பும் தமிழின் தூய்மையும் ஒருங்கே அமைந்த நாடகமே நமக்கு இன்று வேண்டும். தனித்தமிழில் எழுதிவிட்டதனாலேயே ஒன்று நாடகமாகிவிடாது. இருவர் எதிரெதிர் நின்று மாறிமாறிச் சொற்பொழிவாற்றுவதைக் காண எவரும் பாய் விரித்து அமரார். நம்மவர் இதனை ஊன்றி எண்ணுதல் வேண்டும்.

அவ்வாறு அமர வைக்கும் ஆற்றல் தெருக்கூத்துக்கு உண்டு. கட்டியங்காரன் நகைச்சுவையோடு களம் திறக்க, மத்தளமும் முகவீணையும் முழங்க, இரவெல்லாம் ஊரையே விழித்திருக்கச் செய்யும் கலை அது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் இராசகோபாலும் அவர் துணைவியாரும் நடத்திய குருகுலம், 2002 முதல் 2020 வரை சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளிக் கல்வியோடு கூத்தையும் பயிற்றியது. ஆடவரே பெண்வேடம் புனைந்து வந்த களத்தில் பெண்பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினர். மரபு பட்டுப்போயிற்று என்பார்க்கு இதனினும் நல்ல மறுமொழி வேறென்ன?

நாடகம் வெறும் பொழுதுபோக்கே எனின், ஆள்வோர் அதற்கு அஞ்சியது ஏன்? வெள்ளையர் 1876-இல் நாடகத்தை அடக்கச் சட்டமியற்றினர். விடுதலைக்குப் பின்னரும் 1954-இல் இங்கு அத்தகைய சட்டமே வந்தது. அதன் முதன்மைப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013-இல்தான். சட்டத்தின் பூட்டு கழன்றது. நம் பொருட்படுத்தாமை என்னும் பூட்டே இன்னும் தொங்குகின்றது.

அன்பர்களே! உங்கள் ஊர் விழாக்குழுவை இன்றே அணுகுங்கள். ஓரிரவேனும் கூத்துக்கோ நாடகத்துக்கோ ஒதுக்கச் சொல்லுங்கள். அழைப்பிதழ் தமிழில் அமையட்டும். கலைஞர்க்குரிய ஊதியத்தைப் பேசியவாறே, விழா முடியுமுன் கையில் கொடுங்கள். பொன்னாடை வயிற்றை நிரப்பாது. பொத்தேரியில் பயிலும் மாணவரை ஒத்திகைக்கு அழையுங்கள். அவருள் தமிழறியாத பிறமாநிலத்தாரும் வந்து காணட்டும். நம் மொழியின் சுவையை நூலினும் மேடை விரைந்து உணர்த்தும். எல்லாவற்றிற்கும் மேலாக, நீங்கள் குடும்பத்தோடு சென்று முன்வரிசையில் அமருங்கள். காண்பாரின்றிக் கலை வாழாது. கலையின்றி மொழி மக்கள் நாவில் நில்லாது.