பழைய குரல் எங்கே?

ஒரு கலைஞன் தன்னைப்போல இல்லை என்று அவன்மேலேயே பிராது கொடுத்த வேடிக்கை 1983-ல் அமெரிக்காவில் நடந்தது. வாதி, ஜெஃபன் இசைத்தட்டுக் கம்பெனி. பிரதிவாதி, ராக் பாடகர் நீல் யங். 1982 கடைசியில் வந்த 'டிரான்ஸ்' தட்டும் அடுத்ததும் பழைய பாணியில் இல்லையாம், விலைபோகவும் மாட்டாவாம், 33 லட்சம் டாலர் நஷ்டஈடு வேண்டுமாம்!

கிட்டாரும் கையுமாக இருந்தவர் 'வோகோடர்' யந்திரத்துக்குள் குரலைச் செலுத்தினார். சொல் புரியவில்லை என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பேச்சு வராத தம் மகனோடு பேச முயன்றதில் பிறந்த பாட்டுகள் அவை என்று பிற்பாடு அவரே சொன்னார். சுளித்த முகங்களில் இரக்கம் வந்தது.

அந்த இரக்கத்தையும் நான் ஒப்பவில்லை. காரணம் உருக்கமானது என்பதற்காகப் பாட்டு உயர்ந்துவிடுமா? ஒன்பதில் சில சாதாரணந்தான். ஆனால் 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' அப்படியல்ல. 1993-ல் யந்திரமின்றி அதைப் பாடினார். அதுவே மேல் என்பாருண்டு. நான் மறுக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல முடியாத அன்புக்குத் தெளிவான குரல் பொய்வேஷம்; அந்தப் புரியாத குரலே பாட்டின் உயிர்.

பழைய குரல்தான் வேண்டுமென்றால், பழைய தட்டு இருக்கவே இருக்கிறது. போட்டுக் கேளுங்கள்!