ஒரு நாள் முன்னாடியே பிறந்த பிள்ளை

நம்ம வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் சாஃப்ட்வேரில்தான் இருக்கிறார்கள். அதனால் இதைச் சொன்னால் வீட்டுக்கு வீடு சண்டை வரும். வரட்டும். ஜாவாஸ்கிரிப்டில் எஞ்சினோடு கூடவே வருகிற 'டேட்' ஆப்ஜெக்ட் சரியில்லை.

பி.காம். படித்து பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். தேதிதான் சாமி எங்கள் பிழைப்பே! இங்கே புனேயில் ஒரு தமிழ்க் குடும்பம். பெண்ணின் பள்ளிச் சேர்க்கைக்கு ஆன்லைன் படிவத்தில் ஆகஸ்ட் 15 என்று தேர்ந்தெடுத்தார்கள். ரசீதில் ஆகஸ்ட் 14. கேட்டால், "நீங்கதான் தப்பா அடிச்சிருப்பீங்க" என்ற பாணியில் பதில்.

அவர்கள் சரியாகத்தான் அடித்தார்கள். டேட்டுக்கு வெறும் நாள் என்று ஒன்று தெரியாது. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை மில்லிசெகண்ட் என்ற கணக்கு மட்டும்தான் தெரியும். ஆகஸ்ட் 15 என்றால் நம்ம ஊர் நள்ளிரவு 12 மணி என்று வைத்துக்கொள்கிறது. அனுப்பும்போது உலக நேரத்துக்கு மாற்றினால் ஐந்தரை மணி நேரம் கழிந்து முந்தின நாள் மாலை 6.30. மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் 14 வராமல் என்ன வரும்?

1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியைச் செய்தார். டேட், ஜாவாவைப் பார்த்து அடித்த காப்பி. ஜனவரி 0, டிசம்பர் 11, நாள் மட்டும் 1-லிருந்து (எந்த ஊர்ப் பஞ்சாங்கமோ!). ஜாவாக்காரர்களே 1997-ல் அதன் பெரும்பாலான வசதிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதே 1997-ல் ஜாவாஸ்கிரிப்டுக்கோ எக்மா தரநிலை வந்து, இந்தக் கோளாறே சட்டமாகிவிட்டது. அதன் பிறகு எஞ்சின் செய்கிற ஒவ்வொருவரும் இதே தப்பை அச்சுப் பிசகாமல் செய்துதர வேண்டும்.

"மாற்றினால் பழைய வலைப்பக்கங்கள் உடையும்" என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன், பழையதைத் தொடவேண்டாம். நாங்களும் தப்பான பதிவை அழிப்பதில்லை. பக்கத்திலேயே திருத்தப் பதிவு போடுவோம். ஆனால் முப்பது வருஷம் கழித்தா போடுவோம்? மணியே இல்லாத வெறும் நாளுக்கு இடம் தருகிற 'டெம்போரல்', ஃபயர்ஃபாக்ஸில் 2025 மே மாதம்தான் வந்தது.

படிவம் எழுதுகிற தம்பி, தங்கைகளே, பிறந்த தேதியை டேட்டுக்குள் போடாதீர்கள். வருஷம், மாதம், நாள் என்று வெறும் எழுத்தாகவே அனுப்புங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதில் மாலை 6.30 என்று நிற்கிற பிறந்த நாட்களை இந்த வாரமே தேடிப் பாருங்கள்.