இரத்தச் சுத்திகரிப்பும் எலும்பின் நலமும்

சிறுநீரகங்கள் செயலிழந்தோர்க்கு இயந்திரத்தின் வாயிலாக இரத்தத்தைத் தூய்மை செய்யும் முறை ‘டயாலிசிஸ்’ எனப்படும். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்க்ரிப்னர், இரத்தக் குழாய்களோடு நிலையாக இணைத்து வைக்கும் டெஃப்லான் குழாயை அமைத்த பின்னரே, இச்சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தொடர்வது இயல்வதாயிற்று. நம் நாட்டில் 2016-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் இவ்வசதியை மாவட்ட மருத்துவமனைகட்கும் கொண்டு சென்றது. ஆயின், இச்சிகிச்சையால் பல்லாண்டு வாழ்வோரின் எலும்பும் மூட்டும் படும் துன்பத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே எம் கருத்து.

சிறுநீரகம் கழிவை நீக்குவதோடு நில்லாமல், வைட்டமின் டி-யைச் செயலாற்றும் வடிவுக்கு மாற்றியும் தருகிறது. இப்பணியை இயந்திரம் செய்யாது. உணவில் சேரும் பாஸ்பேட் உப்பையும் அது முற்றிலும் நீக்குவதில்லை. பாஸ்பேட் மிகுந்து, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையவே, கழுத்திலுள்ள பாராதைராய்டுச் சுரப்பிகள் ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்தெடுக்கின்றன. எலும்பு வலியும், தசைச் சோர்வும், எளிதில் முறிவும் இதன் விளைவுகள்.

மற்றொரு காரணத்தை 1985-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் புரதம் பழைய வகை வடிகட்டிச் சவ்வுகளின் வழியே வெளியேறாமல் உடலில் தங்கி, ஆண்டுகள் பல சென்றபின் மூட்டுகளில் படிகிறது. தோள் வலிக்கும், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு, இரவில் விரல்கள் மரத்துப்போகும்.

இவை தவிர்க்கவொண்ணாத விதியல்ல. 1970-களில் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில், சிகிச்சைக்குப் பயன்பட்ட நீரிலிருந்த அலுமினியம் நோயாளிகளின் எலும்பை நலிவித்தது. நீரைச் செம்மையாகத் தூய்மை செய்யும் முறை பரவியபின் அந்நோய் அருகிப்போயிற்று.

“உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருக்க, எலும்புக்குச் செலவிடப் பொருள் ஏது?” எனச் சிலர் வினவுவர். தொடை எலும்பு முறிந்தவர் வாரந்தோறும் சிகிச்சை நிலையத்துக்கு வருவது எங்ஙனம்? முறிவுக்கு ஆகும் செலவை நோக்க, சோதனைக்கு ஆவது சிறிதே. எத்தனை முறை சிகிச்சை அளித்தோம் என்னும் கணக்கு மட்டும் திட்டத்தின் வெற்றியாகாது. சுண்ணாம்பு, பாஸ்பேட் அளவுகளை ஒன்று முதல் மூன்று மாதங்கட்கொரு முறையும், பாராதைராய்டு ஹார்மோனை மூன்று முதல் ஆறு மாதங்கட்கொரு முறையும் சோதித்தலும், நீரை ஒழுங்காகப் பரிசோதித்தலும் நிலையந்தோறும் கட்டாயமாதல் வேண்டும்.

கள ஊழியர் செய்யத்தக்கதும் உண்டு. தோள்வலி, விரல் மரத்தல், தரையிலிருந்து எழ இயலாமை ஆகியவற்றை ‘வாதம்’ என்றும் ‘முதுமை’ என்றும் ஒதுக்காது மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை உணவோடு சேர்த்து உண்டால்தான் பயன் உண்டு என்பதை எடுத்துரைத்தல் வேண்டும். கடையில் தாமே வாங்கும் வலி மாத்திரைகள், எஞ்சியுள்ள சிறுநீரகத் திறனையும் அழிக்கக்கூடும் என எச்சரித்தல் வேண்டும். ஆசிரியர்கள், சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பை வகுப்பில் விளக்குவார்களாயின், அவ்வறிவு மாணவர் வழியே இல்லங்களையும் எட்டும்.

உயிரை நீட்டித்த விஞ்ஞானம், நீட்டித்த வாழ்வை வலியின்றி நடத்தவும் வழி கூறியுள்ளது. அதனை நோயாளியின் வாயிலுக்குக் கொண்டு சேர்ப்பது நம் கடமையாகும்.