நீட்டிப்பு ஆணையும் நெடுந்தொடரும்

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்வார். கடைசி ஏழெட்டு மாதம் எங்கள் பேச்சு முழுக்க 'லாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றித்தான். விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. அவருக்கு மகன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். நானும் என் வீட்டில் அதே எபிசோடைப் பார்த்து வைப்பேன். "என்ன சார், இவங்க ஊர் போய்ச் சேருவாங்களா, மாட்டாங்களா?" என்று தினமும் கேட்பார்.

மூன்றாவது சீசன் நடுவில் அவர் போய்விட்டார். மீதியை நான் தனியாகப் பார்த்து முடித்தேன். மொத்தம் ஆறு சீசன். முடித்த அன்று எனக்கு வந்தது கோபம். நாங்கள் சேர்ந்து கடைசியாகப் பார்த்த எபிசோடுகளில் ஒன்று, கதாநாயகன் ஜாக்கின் தோளில் இருக்கும் பச்சை குத்தல் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வந்தது. கதைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஒரு மனிதருக்கு மிச்சமிருந்த நாட்களில் முக்கால் மணி நேரத்தை அது எடுத்துக்கொண்டது.

பிறகு விவரம் தெரிந்தபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. தொடரை உருவாக்கியவர்களுக்கே அந்த எபிசோடு பிடிக்கவில்லையாம். கதை எப்போது முடியும் என்று தெரியாததால் நேரத்தைக் கடத்த வேண்டியிருந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2007-ல் தொலைக்காட்சி நிறுவனத்தோடு பேசி, 2010-ல் முடித்துவிடுவது என்று நாள் குறித்து வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் கதை நகர்ந்தது.

இதைப் படித்ததும் என் குமாஸ்தா புத்தி விழித்துக்கொண்டது. இது எனக்குத் தெரிந்த சமாச்சாரம்! அரசு அலுவலகத்தில் தற்காலிகப் பணியிடங்கள் உண்டு. பிப்ரவரிக் கடைசியோடு அவற்றின் அனுமதி முடியும். நீட்டிப்பு ஆணை வாங்கக் கோப்பு அனுப்ப வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்று எழுதினால் பணியிடம் போய்விடும். அதனால் எந்தப் பிரிவும் வேலை முடிந்துவிட்டது என்று எழுதாது. "பணிகள் இன்னும் நிலுவையில் உள்ளன" என்றுதான் எழுதும். நானே எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன்!

அமெரிக்கத் தொடர் இப்படிப்பட்ட தற்காலிகப் பணியிடம். முதலில் ஒரு மாதிரி எபிசோடு எடுத்துக் காட்டுவார்கள். பிடித்தால் ஒரு சீசன். பெரிய சேனல்களில் வருடத்துக்கு 22 எபிசோடு போல இருக்கும். மே மாத வாக்கில் எது நீடிக்கும், எது நிற்கும் என்று அறிவிப்பு வரும். சுமார் 100 எபிசோடு சேர்ந்துவிட்டால் மறு ஒளிபரப்புக்கு விற்று நல்ல பணம் பார்க்கலாம். அப்புறம் யார் கதையை முடிப்பார்கள்? ஒவ்வொரு சீசன் கடைசியிலும் ஒருவனைச் சுட்டுவிட்டு நிறுத்துவதும் நீட்டிப்புக் கோப்புதான், நிலுவைப் பணியைக் காட்டும் வித்தை.

1980-ல் 'டல்லஸ்' தொடரில் ஜே.ஆர். என்ற எண்ணெய்ப் பணக்காரனைச் சுட்டது யார் என்ற கேள்வியை மார்ச்சில் போட்டு, பதிலை நவம்பரில்தான் சொன்னார்கள். அந்தத் தொடர் பிரான்சிலும் ஓடியது. அங்கிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் சொந்தக்காரர்கள் வாயைத் திறந்தால் ஜே.ஆர். புராணம்தான். அதே தொடரில் பாபி என்ற முக்கியப் பாத்திரம் இறந்துபோனது. நடிகர் விலகியதுதான் காரணம். ஒரு வருடம் கழித்து அவர் திரும்பி வந்தார். என்ன செய்தார்கள் தெரியுமா? நடுவில் ஓடிய ஒரு முழு சீசனையும் பாபியின் மனைவி கண்ட கனவு என்று சொல்லிவிட்டார்கள்! ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்தவனை இதைவிடக் கேலி செய்ய முடியாது.

ஜப்பானில் ஏற்பாடு வேறு. அங்கே தனியார் சேனல்கள் வருடத்தை நான்கு காலாண்டாகப் பிரித்திருக்கின்றன. ஒரு தொடருக்கு ஒரு காலாண்டு, வாரம் ஒன்றாகப் பத்துப் பதினோரு எபிசோடு. அடுத்த காலாண்டில் அதே நேரத்துக்கு வேறு கதை. எழுதுபவரும் பெரும்பாலும் ஒருவர், இரண்டு பேர்தான். பேனாவை எடுக்கும்போதே கடைசிப் பக்கம் எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

2013-ல் வந்த 'ஹன்சாவா நாவோகி' என்ற தொடரைச் சொல்கிறேன். ஒரு வங்கி ஊழியன் மேலதிகாரிகளின் மோசடிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவருகிறான். தன் தகப்பனார் சாவுக்குக் காரணமான இயக்குநரை எல்லோர் முன்னிலையிலும் மண்டியிட வைக்கிறான். சரி, பெரிய பதவி கிடைக்கப் போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். வங்கித் தலைவர் அவனைக் கூப்பிட்டு வேறு கம்பெனிக்கு மாற்றல் ஆணை படிக்கிறார். அவன் முகத்தைக் காட்டி முடித்துவிட்டார்கள். பத்தே எபிசோடு. நேர்மையாக இருந்து மாற்றல் வாங்கிய யாருக்கும் அந்த முகம் தெரியும். கடைசி எபிசோடை டோக்கியோ வட்டாரத்தில் 42.2 சதவீத வீடுகளில் பார்த்தார்கள். அடுத்த பாகம் வந்தது 2020-ல்! அப்படி ஒரு வெற்றியை அமெரிக்கச் சேனல் ஏழு வருடம் சும்மா விட்டு வைக்குமா?

ஜப்பான்காரர்கள் இயல்பிலேயே அடக்கமானவர்கள், அமெரிக்கர்கள் ஆர்ப்பாட்டக்காரர்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'ஓஷின்' எழுதிய ஹஷிதா சுகாகோ அம்மையாரே இன்னொரு குடும்பத் தொடரை 1990-லிருந்து 2011 வரை விட்டு விட்டு இழுத்தார். அமெரிக்காவில் 'பிரேக்கிங் பேட்' தொடரை, இதுதான் கடைசி சீசன் என்று முன்பே அறிவித்து, 62 எபிசோடில் 2013-ல் முடித்தார்கள். ஒரு சாதுவான பள்ளி ஆசிரியர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடியவனாக மாறுவதைப் பத்து எபிசோடில் காட்டவே முடியாது. நீளம் குற்றம் இல்லை. எல்லை தெரியாத நீளம்தான் குற்றம். ஆணை எப்படிப் போடப்படுகிறதோ, கதையும் அப்படி.

முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடாதா என்று என் பேரன் கேட்கிறான். பள்ளியில் எங்களுக்கு ரசீனின் 'பெரெனிஸ்' நாடகம் பாடமாக இருந்தது. சக்கரவர்த்தி தீத்துசும் அரசி பெரெனிஸும் பிரிந்துதான் ஆக வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே நமக்குப் புரிந்துவிடும். ஐந்து அங்கத்திலும் ஒருவரும் சாகவில்லை. அந்த ஒரு பிரிவைச் சொல்லி முடிக்க அவர்கள் படும் பாடுதான் நாடகம். என்ன நடக்கும் என்ற பதற்றம் இல்லாததால் மனிதர்களைப் பார்க்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

'ஓஷின்' அந்த வகை. ஜப்பானின் பொது ஒளிபரப்பான என்.எச்.கே. 1983-84-ல் காலை நேரத்தில் காட்டியது. எபிசோடுக்குக் கால் மணி நேரம், ஒரு வருடத்துக்கு 297 எபிசோடு என்று கணக்கோடு செய்தது. முதல் நாளே கிழவி ஓஷின் வருகிறாள். குடும்பத்தின் புதுக் கடைத் திறப்பு விழா அன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, சின்ன வயதில் இருந்த பனிப் பிரதேசத்துக்குப் போகிறாள். ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமி இவ்வளவு பெரிய குடும்பத்துக்குத் தலைவி ஆனாள், ஆனாலும் எங்கேயோ தவறிவிட்டாள் என்பது அன்றே நமக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கே தவறினோம் என்று அவள் தேடுவதுதான் மீதி 296 நாளும்.

என் வயதில் ஒரு தொடரை ஆரம்பிப்பது சின்ன விஷயம் இல்லை. முன்பெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்பேன். இப்போது முதலில் மொத்தம் எத்தனை என்று கேட்கிறேன். முடிவு இல்லாத கதையைக் காட்டி ஒருவரைக் காத்திருக்க வைப்பவர்கள், காத்திருப்பவருக்கு எவ்வளவு நேரம் பாக்கி என்று யோசிப்பதே இல்லை.

நானும் என் மனைவியும் 'ஓஷின்' பார்க்கிறோம். தினம் ஒன்று, காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் இப்போது போன் வருவதில்லை. இன்றைக்கு 112 முடிந்தது. இன்னும் 185 பாக்கி. நடுவில் எங்களில் ஒருவர் நிறுத்த நேர்ந்தாலும் பரவாயில்லை. அந்தக் கிழவி எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.