முற்றுப்பெறாத பொம்மை

நுழையும்முன்

நவராத்திரி நெருங்கும்போது கொலுப் படிகளுக்குப் புதிய பொம்மைகள் வந்துசேர்கின்றன. வண்ணம் தீட்டி முடித்த பொம்மையைக் கடையில் வாங்கி வைப்பதா, வீட்டிலேயே செய்தும் ஒப்பனை செய்தும் வைப்பதா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகிறது. விலை, நேரம், விருப்பம் ஆகியவற்றுள் அடங்கிவிடும் சிறிய வினாவாக இது தோன்றலாம். ஆயினும், கைவினைஞரின் பிழைப்பும் இளையோரின் கைத்திறனும் இவ்வினாவோடு பிணைந்துள்ளன. அவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் வழி ஒன்று தமிழ் மரபிலேயே இருப்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மணற்பாவையும் சிறுதேரும்

பாவை என்னும் தமிழ்ச்சொல் பொம்மையைக் குறிக்கும். கண்ணின் கருமணியையும் குறிக்கும். சங்க இலக்கியத்தில் இருவகை விளையாட்டுப் பொருள்கள் காணப்படுகின்றன. ஒன்று, விளையாடுவோர் தாமே செய்துகொண்டது. பஞ்சாய்க் கோரையால் புனைந்த பாவையைக் குறுந்தொகை குறிப்பிடுகிறது. மணலைப் பிடித்துச் செய்த வண்டற்பாவையை ஐங்குறுநூறு பேசுகிறது. தான் செய்த பாவையை அலை கொண்டுபோனதனால் சினமுற்ற பெண்ணொருத்தி, மணலை வாரியிட்டுக் கடலையே தூர்க்க முனைவதை நெய்தல் திணைப் பாடலொன்று காட்டுகிறது.

மற்றொன்று, தொழில் வல்லோர் செய்து கொடுத்தது. சிறுவர் உருட்டி விளையாடும் அழகிய சிறுதேரைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. சக்கரம் பொருத்திய தேருக்குத் தச்சரின் உளி வேண்டும். மணற்பாவைக்கோ விளையாடுபவளின் விரல்களே போதும். இவ்விருவகைப் பொருள்களும் ஒரே சமூகத்தில் அருகருகே இருந்தன. அலை அழித்த பாவைக்கு விலை ஏதுமில்லை. எனினும், அதை இழந்தவள் கடலோடு சினந்தாள். தன் கை பட்ட பொருளின்மீது தோன்றும் அன்பு எத்தகையது என்பதற்கு இதுவே சான்றாகும்.

பொம்மைக்குப் பின்னுள்ள உழைப்பு

கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி, காஞ்சிபுரம், சென்னையின் கொசப்பேட்டை, புதுச்சேரியின் வில்லியனூர் முதலிய இடங்கள் மண்பொம்மைத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. விளாச்சேரியில் நவராத்திரிக்கான பொம்மைகளோடு, கிறித்துமஸ் குடிலில் வைக்கும் உருவங்களும் செய்யப்படுகின்றன. மண் பிசையும் கைகள் சமயம் பார்ப்பதில்லை.

ஒரு மண்பொம்மை கடைக்கு வருவதற்குமுன் பல நிலைகளைக் கடக்கிறது. முதலில் களிமண்ணிலிருந்து கல்லும் வேரும் நீக்கப்படுகின்றன. பின்னர் அது பதமாகப் பிசையப்படுகிறது. முன்பாதிக்கு ஒன்றும் பின்பாதிக்கு ஒன்றுமாக உள்ள இரண்டு அச்சுகளில் மண் அழுத்தப்படுகிறது. இரு பாதிகளும் குழைசேற்றால் ஒட்டப்பட்டு, இணைப்புத் தெரியாதவாறு தேய்க்கப்படுகின்றன. நிழலில் நன்கு உலர்ந்தபிறகே பொம்மை சூளைக்குச் செல்கிறது. உள்ளே ஈரம் எஞ்சியிருந்தால் நெருப்பில் வெடித்துவிடும். சுட்டெடுத்த பொம்மைக்கு வெண்பூச்சு இட்டு, அதன்மேல் உடல்நிறம், ஆடை, அணிகலன் என வண்ணங்கள் படிப்படியாகத் தீட்டப்படுகின்றன. கண் எழுதுவது பெரும்பாலும் இறுதி வேலையாகும். தூரிகை சற்றே பிசகினாலும் முகத்தின் பாவம் மாறிவிடும்.

மாதக்கணக்கில் தொடரும் இவ்வுழைப்பின் பயன், நவராத்திரிக்கு முந்தைய சில வாரங்களில் நடைபெறும் விற்பனையையே பெரிதும் சார்ந்துள்ளது. தொடர்மழை பெய்தால் பொம்மைகள் உலர்வதில்லை. விற்காமல் எஞ்சியவை அடுத்த ஆண்டுவரை இடத்தை அடைத்துக்கொண்டு காத்திருக்கும். அவற்றில் முடங்கிய பணமும் அவ்வாறே காத்திருக்கும்.

இருவகை வாதங்கள்

ஆயத்தப் பொம்மைகளையே வாங்க வேண்டும் என்போர் வலிமையான காரணங்களைக் கூறுகின்றனர். தலைமுறைகளாகப் பயின்ற கைத்திறனை ஒரு வார விடுமுறையில் எவரும் எட்டிவிட முடியாது. தசாவதாரத் தொகுதியில் பத்து உருவங்களும் அளவிலும் வண்ணத்திலும் ஒத்திருக்க வேண்டும். அவ்வொழுங்கு தேர்ந்த கைக்கே இயலும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவோர் இல்லையேல் தொழில் இல்லை. பொம்மையை வாங்குவது ஒரு குடும்பத்துக்கு வேலை கொடுப்பதாகும் என்பது அவர்கள் கருத்து.

தாமே செய்ய வேண்டும் என்போரின் காரணங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் ஊரெங்கும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. எந்த வீட்டுக் கொலு எது என்பதை வேறுபடுத்திச் சொல்ல இயலவில்லை. தம் ஊர்ச் சந்தையையோ ஏரிக்கரையையோ தம் தாத்தாவின் தறியையோ படியில் காண விரும்பினால், அவை கடையில் கிடைப்பதில்லை. வாங்கிவந்து வைப்பதோடு வேலை முடிந்துவிட்டால், வீட்டுப் பிள்ளைகள் வெறும் பார்வையாளராகிவிடுகின்றனர் என்று அவர்கள் வருந்துகின்றனர்.

இரு வாதங்களிலும் ஒவ்வொரு குறை உள்ளது. வாங்கும் பொருளெல்லாம் கைவினைஞருக்கு வாழ்வளிப்பதில்லை. இயந்திரத்தில் வார்த்த நெகிழிப் பொம்மைக்குக் கொடுக்கும் பணம் எந்தச் சூளைக்கும் சென்றுசேராது. அவ்வாறே, வீட்டில் செய்தவையெல்லாம் உண்மையில் வீட்டில் பிறந்தவையும் அல்ல. ஆயத்தமாகக் கிடைக்கும் நெகிழி மணி, ஒட்டுக்கல், மினுக்குத்தாள் ஆகியவற்றை வாங்கி ஒட்டுவதே பல வேளைகளில் கைவேலை எனப்படுகிறது. அதில் குயவருக்கும் பங்கில்லை. கற்பனைக்கும் பெரிய வேலையில்லை. ஆகவே, வாங்குவதா செய்வதா என்று மட்டும் கேட்பது போதாது. எந்தப் பங்கை யார் செய்வது என்று கேட்பதே பொருத்தமாகும்.

மரப்பாச்சி காட்டும் வழி

இவ்வினாவுக்கு விடை கொலுப் படியிலேயே நெடுங்காலமாக நிற்கிறது. அதுவே மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாக இணையாகச் செதுக்கப்படும் இம்மரப்பொம்மைகள் பழங்காலத்தில் பெரும்பாலும் செம்மரத்தால் ஆனவை. செம்மரம் இன்று பாதுகாக்கப்பட்ட மரமாதலால் வேறு மரங்களும் பயன்படுகின்றன. திருமணத்தின்போது மகளுக்கு மரப்பாச்சி இணையைக் கொடுத்தனுப்புவது பல குடும்பங்களின் வழக்கம். அவள் புகுந்த வீட்டில் வைக்கும் கொலுவுக்கு அதுவே தொடக்கமாக அமையும்.

மரப்பாச்சியைச் செதுக்கியவர் அதற்கு உடலும் முகமும் கொடுத்தார். உடையை வாங்கியவரிடம் விட்டுவிட்டார். பழம்பட்டின் சரிகைக்கரை பெண்ணுக்குச் சேலையாகும். துண்டுத்துணி ஆணுக்கு வேட்டியாகும். அறுந்த மணிமாலையின் மணிகள் மீண்டும் கோக்கப்பட்டு அணிகளாகும். ஓராண்டு மணமக்களாக நின்றவர்கள் மறு ஆண்டு உழவராகவோ அரசன் அரசியாகவோ மாறலாம். உடல் ஒன்றே; கோலம் ஆண்டுதோறும் புதிது. பாட்டியின் சேலைத்துண்டு பேத்தியின் கையால் மடிப்பு வைக்கப்படும்போது, அச்சேலையைப் பற்றிய கதையும் உடன் சொல்லப்படுகிறது. செதுக்கும் அரிய வேலையைக் கைவினைஞரும் உடுத்தும் எளிய வேலையை வீட்டாரும் பகிர்ந்துகொண்டதனால் எவர் பங்கும் குறையவில்லை.

இதே பகிர்வைக் கொலுவின் அடித்தளத்திலும் காணலாம். படிகளுக்கு முன்னால் மண்பரப்பிக் கேழ்வரகையோ கடுகையோ வெந்தயத்தையோ தூவி முளைக்கவிட்டு வயலும் பூங்காவும் அமைப்பது பிள்ளைகளின் வேலை. கிறித்துமஸ் குடிலிலும் இவ்வாறே உருவங்கள் கடையிலிருந்து வருகின்றன. வைக்கோல் வேய்ந்த கொட்டிலை வீட்டார் கட்டுகின்றனர். வாங்கியதும் செய்ததும் ஒன்றுசேர்ந்தே காட்சி முழுமை பெறுகிறது.

கண் எழுதாத பொம்மை

முற்றுப்பெறாத நிலையிலேயே பொம்மையை விற்கும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. ஜப்பானில் காகிதக்கூழால் செய்யப்படும் தாருமா என்னும் உருண்டைப் பொம்மை, கண்கள் எழுதப்படாமலே விற்கப்படுகிறது. தகாசாகி நகரம் இப்பொம்மைக்குப் புகழ்பெற்றது. வாங்கியவர் ஓர் இலக்கை மனத்தில் எண்ணி ஒரு கண்ணை எழுதுவார். அது நிறைவேறியபிறகு மறு கண்ணை எழுதுவார். கைவினைஞரின் தூரிகை வேண்டுமென்றே விட்டுவைத்த அவ்விடமே பொம்மையை வாங்கியவருக்கு உரியதாக்குகிறது.

அந்நாட்டு நிறுவனமான வோக்ஸ், 1999ஆம் ஆண்டு மூட்டுகள் அசையும் பெரிய பொம்மைகளை அறிமுகப்படுத்தியது. அவ்வகைப் பொம்மைகளில் கண்களையும் தலைமுடியையும் மாற்றலாம். முகத்துக்கு மீண்டும் வண்ணம் தீட்டலாம். பல நாடுகளிலுள்ள சேகரிப்பாளர்கள் அவற்றைத் தம் விருப்பப்படி வடிவமைத்துக்கொள்கின்றனர். புதுமையான பொழுதுபோக்காகக் கருதப்படும் இதில், மரப்பாச்சிக்கு உடை தைத்த கைகளின் அதே மகிழ்ச்சியே வெளிப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருளாகும். உருண்டையான அடிப்பகுதியில் எடை மிகுந்திருப்பதால் அதன் ஈர்ப்புமையம் மிகத் தாழ்வாக அமைகிறது. எனவே, எப்பக்கம் சாய்த்தாலும் அது மீண்டும் நிமிர்ந்து நிற்கிறது.

எல்லை அறிதல்

எல்லாப் பொம்மைகளையும் மாற்றியமைக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. தலையாட்டிப் பொம்மையின் தலையில் கனத்த அணிகளை ஒட்டினால் ஈர்ப்புமையம் மேலேறும். சாய்ந்த பொம்மை எழாமற்போகும். காகிதக்கூழ்ப் பொம்மையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் வண்ணம் கெட்டு உருவமும் ஊறிச் சிதையும். தேர்ந்த ஓவியர் தீட்டிய பழம்பொம்மையின் நிறம் மங்கிவிட்டது என்பதற்காகப் பளபளக்கும் வண்ணத்தை அதன்மேல் பூசினால், அந்த ஓவியரின் கைவண்ணம் மீட்க இயலாதவாறு மறைந்துவிடும். ஒரு பொருள் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறிந்தவரே அதில் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதை அறிவர். ஆகையால், மாற்றுவதற்குமுன் கற்பது இன்றியமையாதது.

பகிர்ந்து செய்வதே தக்கது

சுட்டெடுத்து வெண்பூச்சு மட்டும் இட்ட பொம்மைகளையும், உடுத்தாத மரப்பாச்சிகளையும் கைவினைஞர்களிடமிருந்தே வாங்கி, எஞ்சிய பணியை வீட்டில் செய்வதே மேற்கூறிய இரு வாதங்களுக்கும் நேர்மையான விடையாகும். இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வண்ணம் தீட்டுவதாலும் அவர்களுக்கு ஊதியம் கிடைக்கிறது. அவ்வேலையை வீட்டார் எடுத்துக்கொண்டால் அவ்வூதியம் குறையாதா என்பதே அம்மறுப்பு. இது நியாயமான அச்சமே. ஆதலால், தீட்டாத பொம்மை தீட்டிய பொம்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அதனோடு கூடுதலாக வர வேண்டும். தசாவதாரம் போன்ற தொகுதிகள் தேர்ந்த கையிலிருந்து முழுமையாகவே வரட்டும். அவற்றின் அருகே, வீட்டார் தீட்டிய ஒரு பொம்மையும் நிற்கட்டும். வண்ணம் இல்லை என்பதற்காக அரைவிலைக்குப் பேரம் பேசுவதும் முறையன்று. மண் பிசைந்ததும் அச்சிட்டதும் சுட்டதும் முழு உழைப்பே.

தீட்டிப் பார்த்த மாணவருக்கு மற்றொரு பயனும் விளையும். நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரே கோட்டை நடுங்காமல் இழுப்பது எத்துணை அரிது என்பதையும், இரு கண்களும் ஒரே திசையை நோக்குமாறு எழுதுவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதையும் அவர் தம் விரல்களால் உணர்வார். அவ்வாறு உணர்ந்தவர் அடுத்த முறை கடைவீதியில் ஒரு பொம்மையின் விலையைக் கேட்கும்போது, அது மிகுதி என்று எளிதில் சொல்லமாட்டார். தாமே செய்து பழகியவரே பிறர் செய்ததை மதித்து வாங்குவர். கைத்தொழில் நிலைத்திருக்க அத்தகைய வாங்குவோரே தேவைப்படுகின்றனர். அவர்கள் உருவாகும் இடம் வீட்டுக் கூடமும் பள்ளியின் கைவினை வகுப்பறையுமே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள பொம்மை அல்லது மண்பாண்டக் கைவினைஞரைச் சந்தித்து, ஒரு பொருள் உருவாகும் நிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.

2. 'ஆயத்தப் பொருள்களை வாங்குவதே கைவினைஞரைக் காக்கும்' என்னும் கருத்தை ஆதரித்தும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. வீட்டில் தலைமுறையாகப் பாதுகாக்கப்படும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதில் விலைக்கு வாங்கியது எது, குடும்பத்தினர் கையால் சேர்த்தது எது என்பதை விளக்கி ஒரு பத்தி எழுதுக.